ஓர் ‘அப்பா’ போதுமா?

காதற் புதினம் ஒன்று தொலைக்காட்சித் தொடராக வரும்பொழுது பார்ப்போர் இரு கூறாகப் பிரிந்து வழக்காடுவது இயல்புதான். நூலைப் படித்தவர் ஒரு பக்கம், படியாதவர் மறு பக்கம் என்று தொடங்கும் அவ்வழக்கு சில நாளில் ஓய்ந்துவிடும். ஆனால், 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் உலகெங்கும் வெளியிட்ட ‘பிரிட்ஜர்ட்டன்’ தொடரின் இரண்டாம் பருவம் எழுப்பிய வழக்கு அவ்வாறு ஓயத் தக்கதன்று. அதன் நடுவில் நம் வீட்டுச் சொல் ஒன்று நின்றது. பிறமொழி மண்ணில் மூன்று தலைமுறை, நான்கு தலைமுறையாகக் குடியிருக்கும் நம்மைப் போன்றோரே அச்சொல்லைப் பற்றிப் பேசத் தகுதியுடையவர்கள். நம்மவரில் பெரும்பாலோரோ கைதட்டிவிட்டு எழுந்து போயினர். அது தவறு என்று வழக்காடவே இதனை எழுதுகிறோம்.

தொடரைக் காணாதவர்க்குக் கதையைச் சுருங்கச் சொல்லுவோம். ஜூலியா குவின் என்னும் புனைபெயரில் எழுதும் அமெரிக்கப் பெண்மணி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட புதினம் இதற்கு மூலம். களம் 1814ஆம் ஆண்டின் இலண்டன் மாநகரம். ஆந்தனி பிரிட்ஜர்ட்டன் என்னும் இளம் பிரபு, காதல் வேண்டாம், கடமைக்கு ஒரு மனைவி போதும் என்று எண்ணி, எட்வினா என்னும் அழகியை மணம் பேச வருகிறான். அவளுடைய அக்காள் கேட் குறுக்கே நிற்கிறாள். குறுக்கே நின்றவள்மீதே அவன் மனம் செல்கிறது. புதினத்தில் இச்சகோதரியர் ஷெஃபீல்டு என்னும் ஆங்கிலக் குடும்பத்தினர். ஷோண்டா ரைம்ஸ் அம்மையாரின் நிறுவனம் தொடரில் அவர்களைப் பம்பாயிலிருந்து கப்பலேறி வந்த ஷர்மா குடும்பத்தினராக மாற்றியது. கேட்டாக நடித்த சிமோன் ஆஷ்லி, எட்வினாவாக நடித்த சரித்ரா சந்திரன் ஆகிய இருவரும் பிரிட்டனில் வளர்ந்த தமிழ் வழியினர். மறைந்த தந்தையைக் கேட் ‘அப்பா’ என்கிறாள். தங்கையைப் ‘போன்’ என்று அழைக்கிறாள். தொலைபேசி என்று மயங்க வேண்டா. தங்கையைக் குறிக்கும் வங்காளச் சொல் அது. தங்கை அவளைத் ‘தீதீ’ என்கிறாள். எட்வினாவுக்கு மராத்தியும் இந்துஸ்தானியும் தெரியும் என்று இலண்டன் சீமாட்டியரிடம் பெருமையாகச் சொல்லப்படுகிறது. முதல் மூன்று நாளில் மட்டும் இத்தொடர் பார்க்கப்பட்ட நேரம் ஏறத்தாழ 19 கோடி மணி என்று அந்நிறுவனமே கணக்கு வெளியிட்டது.

முதலில் மகிழ்ந்தவர்களைப் பார்ப்போம். கடல்கடந்து வாழும் தமிழ்ப் பெண்கள் பலர், ஆங்கிலப் பிரபுக்களின் மாளிகையில் ‘அப்பா’ என்னும் சொல் ஒலித்ததைக் கேட்டு நெகிழ்ந்து எழுதினார்கள். தங்கையின் தலைக்கு அக்காள் எண்ணெய் தேய்த்துவிடும் காட்சியில் தம் பாட்டியின் கையைக் கண்டவர் பலர். நம் நகரத்தில் அல்சூரிலும் பிரேசர் டவுனிலும் ஒயிட்ஃபீல்டின் அடுக்குமாடிகளிலும் அந்த மார்ச்சு மாத இறுதியில் இதே பேச்சுத்தான்.

இம்மகிழ்ச்சியை எள்ளுவது நம் நோக்கமன்று. அதில் ஒரு பங்கு முற்றிலும் நியாயமானது. கேட் கரிய நிறத்தவள். அந்நிறத்திற்காக அவள்மீது தொடரில் எவரும் இரக்கங் கொள்ளவில்லை. காதலன் அதனைப் பொறுத்துக்கொண்டு அவளைக் காதலிக்கவும் இல்லை. கறுத்த பெண்ணைக் கதைத்தலைவியாகப் போட்டால், நான்கு காட்சிக்கு ஒருமுறை எவரேனும் அவள் நிறத்தைப் பழிக்கவேண்டும், அவள் கண்ணீர் விடவேண்டும் என்பது நம் நாட்டுத் தொடர்களில் எழுதாச் சட்டம். 1975இல் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் பூச்சு, தன் பெயரிலிருந்த ‘ஃபேர்’ என்னும் சொல்லைக் கைவிட 2020ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. அந்தக் களிம்புக் குழாய் கண்ணாடி முன் நிமிர்ந்து நின்ற வீடுகளில் வளர்ந்த பெண்கள் கேட்டைக் கண்டு மகிழ்ந்தார்கள் என்றால், அம்மகிழ்ச்சிக்குக் கணக்குக் கேட்க நமக்கு உரிமையில்லை. தமிழ்த் திரையுலகம் தமிழ்ப் பெண்ணாக நடிக்கத் தமிழ் தெரியாத வெள்ளைத் தோலைத் தேடி வடக்கே செல்லும் காலத்தில், ஆங்கிலத் தொடரொன்று தலைவிக்காகத் தமிழ் வழிப் பெண்ணைத் தேடி வந்ததே என்று ஒருவர் கேட்டால், விடை சொல்ல வேண்டியது சென்னை.

மூலநூலைப் படித்தவர்களின் சினம் வேறு வகையானது. புதினத்தில் தேனீ ஒன்று கேட்டைக் கொட்டுகிறது. தேனீயால் தன் தந்தையை இழந்த ஆந்தனி பதறிச் செய்யும் செயலைப் பிறர் கண்டுவிட, ஊர்வாய்க்கு அஞ்சி இருவருக்கும் மணம் முடிகிறது. காதல் அதன்பின் முதிர்கிறது. தொடரிலோ தேனீ கொட்டியும் மணம் நிகழவில்லை. ஆந்தனி தங்கையையே கைப்பிடிக்க மணமேடைவரை சென்றுவிடுகிறான். எட்டுப் பகுதிகளில் ஆறாவது வரை இந்த இழுபறி. ‘எங்கள் தேனீயைக் கெடுத்துவிட்டீர்கள்’ என்ற கூக்குரல் பெரிதாகவே எழுந்தது. மணத்திற்குப் பின் காதல் என்பது தமிழ்க் குடும்பப் புதினம் படித்தவர்க்குத் தேய்ந்த தடம். அதை விடுத்து இரு சகோதரியரின் பிணக்கை நடுவில் வைத்ததால் கதை கனம் பெற்றது என்பதே நம் எண்ணம். இதற்குமேல் அந்தத் தேனீயைத் துரத்த வேண்டியதில்லை.

வரலாறு பேசியவர்களும் உண்டு. 1814இல் இலண்டன் மேற்குடியினரிடையே இந்தியப் பெண்ணா என்று நகைத்தார்கள். இவ்வகைப் புதினங்களில் வரும் கோமகன்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால், அக்கால இங்கிலாந்தில் உழுவதற்கும் நூற்பதற்கும் ஆளே மிஞ்சியிருக்காது. அதற்கு நகையாதவர் இதற்கு மட்டும் நகைப்பானேன்? அன்றியும் அவர் கூற்று உண்மை வரலாற்றோடு முழுதும் பொருந்துவதுமில்லை. பாட்னாவிற் பிறந்த சேக் தீன் முகமது 1810ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ‘இந்துஸ்தானி காப்பி இல்லம்’ திறந்தார். ஐதராபாத்தில் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த கிர்க்பாட்ரிக்கிற்கும் கைருன்னிசா என்னும் உயர்குடிப் பெண்ணுக்கும் 1802இல் பிறந்த மகள், சிறு குழந்தையாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு அங்கேயே வளர்ந்தாள். கதை நடக்கும் ஆண்டில் அவளுக்கு வயது பன்னிரண்டு. ஆகவே ஷர்மா வீட்டுப் பெண்கள் கப்பலிலிருந்து இறங்குவதில் நமக்குத் தடையொன்றும் இல்லை. இறங்கியபின் அவர்கள் பேசுகிறார்கள், தடை அங்கேதான்.

மொழிக்குறை கண்டவர்களும் அதைத்தான் பிடித்தார்கள். ‘அப்பா’ தென்னாட்டுச் சொல், ‘போன்’ வங்காளம், ‘தீதீ’ வடபுலம், ஷர்மா என்பது பெரும்பாலும் வடநாட்டார் பெயர், கேட்டின் முழுப்பெயராகச் சொல்லப்படும் ‘கதனி’ எந்நாட்டுப் பெயர் என்று எவர்க்கும் விளங்கவில்லை. ‘எந்தக் குடும்பம் இப்படிப் பேசும்?’ என்று கேட்டார்கள். குறையை அவர்கள் சரியாகவே கண்டார்கள். ஆனால் அதைக் கேட்ட முறை பிழை. பெங்களூரில் இருந்துகொண்டு ஒரு தமிழர் அப்படிக் கேட்பாராயின், முதலில் தம் வீட்டுச் சமையலறை வாயிலில் சிறிது நேரம் நின்று செவிகொடுப்பது நலம்.

நம் வீடுகளில் கீரை ‘சொப்பு’ ஆகிப் பல காலம் ஆயிற்று. பருப்பைப் ‘பேளெ’ என்னும் பாட்டிமார் உண்டு. பிள்ளையை விரைவுபடுத்த ‘ஜல்தி வா கண்ணு’ என்கிறோம். அதில் முதற்சொல் உருது, கடைச்சொல் தமிழ் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் கன்னடத்தில் எழுதி 1983ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு பெற்றார். தமிழ்க் குடும்பத்திற் பிறந்த டி. பி. கைலாசம், கன்னடத்தில் ஆங்கிலம் கலந்து பேசிய பெங்களூரு, மைசூரு நடுத்தர வீடுகளின் பேச்சை அப்படியே மேடையேற்றிப் புகழ்பெற்றார். அந்நாடகங்களைப் பார்த்து எவரும் ‘எந்தக் குடும்பம் இப்படிப் பேசும்?’ என்று கேட்கவில்லை. தம் குடும்பந்தான் என்று கண்டு சிரித்தார்கள். ஆதலின் கலப்பு மொழி என்பதே குற்றமானால், முதற்குற்றவாளி நாம்.

அப்படியானால் தொடரின் கலப்பில் என்ன குறை? நம் கலப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் அது வந்த வழி உண்டு. சொப்பு, கன்னடம் பேசும் கூடைக்காரியோடு வாசலுக்கு வந்தது. ஜல்தி, சிவாஜி நகர்ச் சந்துகளில் தக்கனி பேசும் அண்டை வீட்டாரிடமிருந்து சுவரேறி வந்தது. ஆங்கிலம், பாட்டனார் வேலை பார்த்த தண்டிலிருந்து வந்தது. கண்டோன்மென்டைத் ‘தண்டு’ என்று சொல்லும் வழக்கு நம் முதியோரிடமும் தண்டு மாரியம்மன் கோயிற் பெயரிலும் இருக்கிறது. அந்தத் தண்டு பெங்களூரில் 1809ஆம் ஆண்டையொட்டி அமைந்தது. சென்னை இராணுவத்தோடு சிப்பாய்களாகவும் ஒப்பந்தக்காரர்களாகவும் சமையற்காரர்களாகவும் வண்ணார்களாகவும் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் அதைத் தொடர்ந்து இங்கே வந்தன. கேட் ஷர்மா இலண்டனில் இறங்கும் 1814ஆம் ஆண்டில், நம் முன்னோர் சிலர் அல்சூரில் ஓலை வேய்ந்து கொண்டிருந்திருப்பார்கள். புலம்பெயர்ந்தார் வாயில் ஒரு சொல் எப்படி ஒட்டுகிறது, எப்படி உதிர்கிறது என்பது நமக்கு ஏட்டுப்பாடம் அன்று.

தொடரில் அந்த வழி இல்லை. இருந்திருக்கக் கூடாதா என்றால், தாராளமாக இருந்திருக்கலாம். அப்பா சென்னை மாகாணத்துக்குரியது, போன் வங்க மாகாணத்துக்குரியது, மராத்தி பம்பாய் மாகாணத்துக்குரியது. கும்பினியாரின் மூன்று மாகாணங்களும் ஒரு வீட்டில் வந்து குடியேறியிருக்கின்றன! சென்னையிற் பிறந்து, கல்கத்தாவில் கணக்கெழுதி, பம்பாய்க்கு மாற்றலாகிப்போன ஒரு தந்தை என்று ஒரேயொரு வரி வசனம் எழுதியிருந்தால் போதும். நகைத்தவர் அனைவரும் வாயடைத்திருப்பர். அந்தத் தந்தையின் வாழ்வே ஒரு புதினமாகும். அவ்வரி எழுதப்படவில்லை. பார்ப்போர் பல ஊரினர். ஊருக்கு ஒரு சொல் கொடுத்தால் ஊருக்கு ஒரு கைதட்டல் கிடைக்கும் என்ற கணக்குத்தான் அதில் தெரிகிறது. பந்தியில் இலைக்கு ஓர் அப்பளம் வைப்பதுபோல் வைத்திருக்கிறார்கள்.

எண்ணெய் தேய்க்கும் காட்சியையே எடுத்துக்கொள்வோம். இலண்டனில் காப்பி இல்லம் நடத்தினார் என்று சொன்னோமே, அந்தச் சேக் தீன் முகமது கடையில் நொடித்து, பின் பிரைட்டன் கடற்கரைக்குச் சென்று, வெந்நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் தொழிலாகக் கொண்டார். அது தொடங்கியது இதே 1814ஆம் ஆண்டில். உடம்பைப் பிடித்துவிடுதலைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்தான் ஆங்கிலத்தில் ‘ஷாம்பூ’ ஆயிற்று. இன்று நாம் பொட்டலத்தில் வாங்கும் ஷாம்பூ அதன் பேரப்பிள்ளை. ஆங்கிலேயன் வாயிலும் இந்தியச் சொல் ஒரு வழியாகத்தான் நுழைந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேறென்ன வேண்டும்? தலைக்கு எண்ணெய் தேய்க்கும் இரு சகோதரியர் திரையில் இருக்கிறார்கள். அந்தத் தொழிலையே இங்கிலாந்துக்குக் கற்பித்த மனிதர் அதே ஆண்டில், சில மணி நேர வண்டிப் பயணத் தொலைவில் இருக்கிறார். எழுதியவர்களுக்கு அது தெரியவில்லை, அல்லது தேவைப்படவில்லை. காட்சி அழகாக இருந்தது, அத்தோடு முடிந்தது.

இங்கே ஒரு மறுப்பு வரும். ‘இது கனவுக்கதை, காதலுக்காகப் பார்ப்பது, இதில் போய்ச் சொல்லாராய்ச்சி எதற்கு?’ என்பர். இம்மறுப்பை நாம் ஏற்பதற்கில்லை. ஆங்கிலப் பக்கத்தில் இத்தொடர் கனவு காணவில்லை, கணக்காக இருக்கிறது. எந்தப் பட்டத்தாரை எப்படி விளிப்பது, அரசியின் முன் முழங்காலை எவ்வளவு மடிப்பது, மணமாகாப் பெண் துணையின்றி ஆடவனோடு நின்றால் ஊர் என்ன சொல்லும் என்பவற்றை எட்டுப் பகுதியிலும் அது மறக்கவில்லை. சார்லட் அரசியோ மெய்யாகவே வாழ்ந்தவர். பிரபுவின் விளியில் ஓர் எழுத்துத் தவறினாலும் திருத்தும் கவனம், அக்காளின் விளியில் மட்டும் கனவாகிவிடுவது எப்படி? மணத்துக்குமுன் மஞ்சள் பூசும் சடங்கில் 2001ஆம் ஆண்டு இந்திப் படமொன்றின் பாட்டு மெட்டு நரம்பிசையாக ஒலிக்கிறது. இக்காலப் பாட்டுகளை அப்படி வாசிப்பது இத்தொடரின் வாடிக்கை, அதில் நமக்குக் குறையில்லை. ஆனால் அச்சடங்கைப் பார்த்த நம்மவரும் ‘ஹல்தி’ என்றே எழுதினார்கள். தகப்பனை ‘அப்பா’ என்று அழைக்கும் வீட்டில் அதற்கு நலங்கு என்றொரு பெயர் இருக்கக்கூடும் என்று கேட்டவரை நாம் காணவில்லை.

நமக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது இதுதான். ‘ஏதோ, இவ்வளவாவது காட்டினார்களே’ என்ற பேச்சு. படித்து, பொருளீட்டி, கணிப்பொறித் தொழிலில் உலகத்துக்கே ஊழியம் செய்யும் நகரத்தில், சந்தா கட்டிப் பார்க்கும் தொடரைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் இரப்பாளியின் குரலாகிவிடுவானேன்? கட்டணம் செலுத்தியவன் கேட்கலாம். கேட்பது நன்றி மறத்தலாகாது. உணவகத்தில் காப்பி ஆறிப்போயிருந்தால் திருப்பி அனுப்புகிறவர்கள், தம் மொழி ஆறிப்போய் வந்தபோது மட்டும் ஊதி ஊதிக் குடித்தார்கள்.

இன்னொரு பேச்சையும் கேட்டோம். ‘தமிழ்ச்சொல் உலகமேறிவிட்டது’ என்று. அடுக்குமாடியில் எதிர்வீட்டுக் கன்னடக் குடும்பமும் அதே சொல்லைக் கேட்டு அதே அளவு மகிழ்ந்ததை இவர்கள் கவனிக்கவில்லை போலும். அப்பா கன்னடத்துக்கும் அப்பாதான். கதை நடக்கும் நாளில், சென்னைக் கோட்டையில் 1812இல் தொடங்கிய கல்லூரியை முன்னின்று நடத்தியவர் எல்லிஸ் துரை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரு குடியிற் பிறந்த மொழிகள் என்று அவர் காட்டிய கட்டுரை, 1816இல் கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முகப்பில் அச்சாயிற்று. கேட் ஷர்மா இலண்டனில் அப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தச் சொல் வழங்கும் மொழிகளின் உறவைச் சென்னையில் ஓர் ஆங்கிலேயர் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1991ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் காவிரிக் கலவரம் இந்நகரைச் சுட்டபோது, தெருவில் தமிழ் பேச அஞ்சிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அந்நாளில் கூட்டத்தில் கைநழுவிய பிள்ளை ‘அப்பா’ என்று கத்தினால் அது எந்த வீட்டுப் பிள்ளை என்று எவனாலும் சொல்லமுடியாது. இவ்வளவையும் சுமந்து வரும் சொல்லை ஒரு தொடரின் அலங்காரமாகக் கண்டு நெகிழ்வதோடு நாம் நின்றுவிடலாமா?

நம் காதற் புதினங்களின் நிலையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. ‘லக்ஷ்மி’ என்ற பெயரில் எழுதிய மருத்துவர் திரிபுரசுந்தரி, தென்னாப்பிரிக்காவில் பல்லாண்டு வாழ்ந்தவர். 1984இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றவர். அவருடைய ‘பெண் மனம்’ 1963இல் ‘இருவர் உள்ளம்’ என்னும் படமாயிற்று. அதில் தலைவியாக நடித்தவர் பெங்களூரிற் பிறந்த சரோஜாதேவி. அவருடைய கன்னட வாடை வீசும் தமிழைக் கொஞ்சும் தமிழ் என்று தமிழ்நாடு தலைமேல் வைத்துக் கொண்டாடியது. 2025இல் அவர் மறைந்தபோதும் அந்தக் குரலைத்தான் பலர் நினைத்தார்கள். ஏனெனில் அந்தக் கலப்புக்கு ஊர் இருந்தது, தெரு இருந்தது. பிரிட்ஜர்ட்டனின் எட்டுப் பகுதியையும் ஓரிரவில் பார்த்து முடித்த நம் பெண்களுள் லக்ஷ்மியின் பெயரைக் கேள்வியுற்றவர் எத்தனை பேர்? அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. அலமாரியில் அந்நூல்கள் இல்லை. இருந்தாலும் படிக்க எழுத்துத் தெரியவில்லை. திரையில் ஓர் அப்பா கேட்டு மகிழும் பிள்ளைக்கு, அதே அப்பாவை அகரத்தில் தொடங்கி எழுதக் கற்பிக்க ஒரு வாரத்தில் இரண்டு மணி ஒதுக்காத வீடுகள், ‘உலகமேறிவிட்டது’ என்று சொல்வது நமக்கு நகைப்பையே தருகிறது.

2024இல் வந்த மூன்றாம் பருவத்தில், கேட்டும் ஆந்தனியும் தம் முதற்குழந்தையை எதிர்நோக்கி இருக்கிறார்கள். குழந்தை இந்தியாவிற் பிறக்கவேண்டும் என்று கேட் விரும்ப, கணவனும் இசைகிறான். நல்லது. கப்பல் எத்துறையில் கரைசேரும்? எந்தத் தெருவில், எந்தப் பாட்டி, எம்மொழியில் ஆலத்தி எடுப்பாள்? ஆங்கிலேயனான அந்தத் தந்தையை அக்குழந்தை என்ன சொல்லி அழைக்கும்? எழுதுகிறவர்களுக்கு இக்கேள்விகளை அனுப்ப நம்மிடம் தாளும் தபால்தலையும் இருக்கின்றன.